மன்னார் வரைபடத்தில் நமது புள்ளிகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடையில் ஏற்றினால் நீரிழிவையும் கொலஸ்ட்ரோலையும் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம் என்று செயலாளர் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகையால் எங்கள் வகுப்பு சென்ற ஆண்டு சேர்ந்து செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். இந்த உரையில் 'நாங்கள்' என்று வரும் இடங்களில், 1990இல் இந்தப் பாடசாலையில் ஆண்டு ஆறில் ஒன்றாக இருந்த பிள்ளைகள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். எங்களில் மூவர் வைத்தியர்களானோம். பேச்சு எங்கள் வாயிலிருந்து வந்தாலும் வேலை எல்லோருடையதும்தான்.

ஆண்டு பத்தில் ரீச்சர் எங்களுக்கு வரைபடம் வாசிக்கக் கற்றுத் தந்தார். கரும்பலகையில் மலைநாட்டுப் படம் ஒன்றைத் தொங்கவிட்டு, சம உயரக்கோடுகளைத் தொட்டுத் தொட்டு, "இந்த இடத்தில் நிற்கிறவருக்கு அந்தப் பாலம் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்பார். நாங்கள் கடதாசியை மடித்து வைத்துக் குறுக்குவெட்டுமுகம் வரைந்து விடை சொல்ல வேண்டும். ஒரு நாள் எங்களில் ஒருத்தி, "ரீச்சர், எங்கட மன்னார்ப் படத்தில ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்டாள். ரீச்சர் தீவின் படத்தை எடுத்து விரித்தார். அதில் ஒரு சம உயரக்கோடும் இல்லை. வகுப்பே சிரித்தது. "நம்மட ஊர் தட்டை, பிள்ளை. இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்றார் அவர். அந்த வசனம் எவ்வளவு பிழையானது என்பது எங்களுக்கு விளங்க முப்பது வருடம் எடுத்தது.

வரைபடத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள உறவு பழையது. 1854இல் இலண்டனின் சோகோ பகுதியில் கொலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறப்புகளை வீடு வீடாக ஒரு தெருப் படத்தில் குறித்தார். அவை புரோட் வீதியில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பியைச் சுற்றிக் குவிந்திருந்தன. காற்றால் பரவும் நோய் என்று ஊரே நம்பியிருந்த காலத்தில் அது தண்ணீரால் பரவுகிறது என்ற அவருடைய வாதத்துக்கு அந்தப் படம் துணை நின்றது. இன்று அதே வேலையைக் கணினியில் புவியியல் தகவல் முறைமை செய்கிறது. வீதி ஓர் அடுக்கு, குளம் ஓர் அடுக்கு, காடு ஓர் அடுக்கு, நிலத்தின் உயரம் ஓர் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது போல அவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம்.

கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பயங்கரவாதத் தாக்குதல்களையும் இப்படி ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். தாக்குதல் நடந்த இடங்களைப் புள்ளிகளாக்கி, அவை வீதி வளைவுக்கு எவ்வளவு கிட்ட, காட்டோரத்துக்கு எவ்வளவு தூரம், எந்த மேட்டிலிருந்து அந்த இடம் கண்ணுக்குத் தெரியும் என்று கணிக்கிறார்கள். ரீச்சர் கடதாசி மடித்துக் கேட்ட அதே கேள்வியைக் கணினி ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களுக்குக் கேட்கிறது. ஒரே மாதிரியான நிலத்தில் திரும்பத் திரும்பத் தாக்குதல் நடந்திருந்தால், அடுத்து எங்கே கவனம் வேண்டும், அம்புலன்ஸ் எந்த வீதியால் போக வேண்டும், எந்த வைத்தியசாலையில் இரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கலாம். வைத்தியர்களுக்கு இதில் அக்கறை வருவது இதனால்தான்.

இந்த முறையை நமது மன்னாருக்குப் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டோம். முதல் இடறலே நிலத்தில்தான் வந்தது. உலகம் முழுவதும் பலர் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ராடாரால் அளந்தது. அதற்கு வகுத்திருந்த பிழை எல்லை 16 மீற்றர். நமது தீவில் அவ்வளவு உயரமான மேடே கிடையாது. அதாவது அளவுகோலின் பிழை, அளக்க வந்த பொருளைவிடப் பெரியது. இன்னொன்று, அந்த ராடார் அடர்ந்த மரங்களுக்குக் கீழே உள்ள நிலத்தைப் பார்க்காது. பனங்கூடல் உள்ள இடமெல்லாம் கணினியில் குன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பினால், பேசாலைக்குப் பக்கத்தில் மலை இருக்கிறது என்று வெளிநாட்டில் இருப்பவர் எழுதிவிடுவார்.

ஆனால் அந்தப் பிழைக்குள்ளேயே ஓர் உண்மையும் இருந்தது. தட்டை நிலத்தில் பார்வையை மறைப்பது பனங்கூடலும் உடைமரப் பற்றையும் குளக்கட்டும்தான். நாங்கள் 17 பேர், மன்னார், புத்தளம், கொழும்பு, சென்னை, இலண்டன், ரொறன்ரோ என்று இருந்தவர்கள், சூம் வழியாகக் கூடி, சிறு வயதில் போகப் பயந்த இடங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே படத்தில் குறித்தோம். தலைமன்னார் வீதியில் ஓரிடத்தை எட்டுப் பேர் குறித்திருந்தோம். அங்கே எந்தச் சம்பவமும் நடந்ததாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. உயரத் தரவை விரித்துப் பார்த்தால் அங்கே ஒரு 'குன்று' நின்றது. மன்னாரில் இருப்பவர்கள் போய்ப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பனை நெருங்கி, வீதி இலேசாகத் திரும்பும் இடம். எட்டுச் சிறுமிகளின் பயம் நிலத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. "இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்ற ரீச்சரின் வசனத்தை அன்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது இடறல் புள்ளிகளில் வந்தது. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் தொகுத்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் 1970 முதலான தாக்குதல்களைப் பதிந்திருக்கிறது. பெரும் உழைப்பு, மதிக்க வேண்டியது. ஆனால் செய்தித்தாளில் ஊரின் பெயர் சரியாக வராத சம்பவத்துக்கு, தெரிந்த நிர்வாகப் பிரிவின் நடுப்புள்ளியை இடமாகக் கொடுக்கிறார்கள். மன்னார் மாவட்டம் என்று மட்டும் தெரிந்தால் புள்ளி மாவட்டத்தின் நடுவே போய் விழும். பேசாலைக் கடற்கரையில் நடந்ததும் முசலியில் நடந்ததும் பெருநிலத்தில் யாரோ ஒருவருடைய வயலில் குவிந்துவிடும். இடம் எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பாராமல் படம் வரைபவர் ஒன்றும் நடக்காத இடத்தைச் சிவப்பாக்கி, நடந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்.

மூன்றாவது இடறல்தான் பெரியது. அது கணினியில் இல்லை. எதைத் தாக்குதல் என்று எண்ணுவது?

2006 ஜூன் 15ஆம் திகதி அனுராதபுர மாவட்டத்தின் கெப்பித்திகொல்லாவையில் ஒரு பயணிகள் பஸ் கிளைமோரில் சிக்கி 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிங்களக் கிராமத்துச் சனங்கள், பிள்ளைகளும் இருந்தார்கள். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, 17ஆம் திகதி, நமது பேசாலையில் வெற்றி அன்னை ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் கைக்குண்டு விழுந்து ஒரு பெண் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். ஊர்ச் சனம் கடற்படையைச் சொன்னது, கடற்படை மறுத்தது. 2008 ஜனவரி 29ஆம் திகதி மடுப் பக்கத்தில் தட்சணாமருதமடுவில் இன்னொரு பஸ், இன்னொரு கிளைமோர். 17க்குக் குறையாத உயிர்கள், அவர்களில் 11 பேர் பாடசாலைப் பிள்ளைகள். புலிகள் இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணியைச் சொன்னார்கள், இராணுவம் மறுத்தது.

கிளைமோர் ஒரு பக்கமாக, விசிறி போல, நூற்றுக்கணக்கான உருக்குக் குண்டுகளைக் கக்கும். அது எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் காயங்களே சொல்லும். சத்திரசிகிச்சை அறையில் நிற்பவருக்குக் கெப்பித்திகொல்லாவைப் பிள்ளையின் காயமும் தட்சணாமருதமடுப் பிள்ளையின் காயமும் ஒரே காயம். ஆனால் அந்தத் தரவுத்தளத்தின் வரையறையில் பயங்கரவாதம் என்பது அரசு அல்லாதவர் செய்வது. அது அவர்களுடைய ஆய்வின் எல்லை. குறை சொல்ல வரவில்லை. அந்த எல்லையை அறியாமல் படத்தைப் பார்ப்பவர் இந்த மாவட்டத்தின் துன்பம் இவ்வளவுதான் என்று நினைத்துவிடக்கூடாது என்பதே நாங்கள் சொல்வது. 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடு ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சாட்டின. சுட்டவர் யார் என்று தெரியும்வரை அந்தப் புள்ளியை எங்கே வைப்பது?

ஆகவே எங்கள் படத்துக்கு இரண்டு விதிகள் வைத்தோம். செய்தவரின் பெயரை எழுதும் கட்டத்தைக் கடைசியாக நிரப்புவது. ஒருத்தி வைத்த புள்ளியை இன்னொருத்தி அழிக்காமல் இருப்பது.

அந்த இரண்டாவது விதி ஒரே மாதத்தில் சோதிக்கப்பட்டது. எருக்கலம்பிட்டியில் இருந்து எங்களோடு படித்த தோழி 1990 ஒக்டோபர் கடைசிக் கிழமையைக் குறித்து ஒரு புள்ளி வைத்தாள். வடக்கின் முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் புலிகளால் வெளியேற்றப்பட்ட கிழமை அது. தீவிலிருந்து போனவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அங்க வெடி வெடிக்கேல்லையே. தாக்குதல் படத்தில இது ஏன்?" கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. நாங்கள் பலர் அதை மனத்துக்குள் நினைத்தும் இருந்தோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தோழி சொன்னாள்: "எங்களுக்கு விழுந்தது குண்டு இல்லைதான். ஆனா அந்தக் கிழமைக்குப் பிறகு இடாப்பில எங்கட பேர் இல்லையே."

இடாப்பு எங்களுக்கு நினைவு வந்தது. பாடசாலை மறுபடி தொடங்கியபோது ரீச்சர் புதிய இடாப்பை விரித்து, பேர்களை வேகமாக வாசித்துக்கொண்டு போனார். நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த நாளில், எங்கள் வாட்ஸப் குழுவிலும் இதே மௌனம் வந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டோம். பூசைக்குப் போயிருந்த சொந்தங்களை எண்ணி நாங்கள் துடித்தபோது, எங்கள் முஸ்லிம் தோழிகள் ஓர் இரங்கல் வரியை எழுதிவிட்டு நீண்ட நாள் பேசாமல் இருந்தார்கள். "ஏன் பேசவில்லை?" என்று நாங்களும் கேட்கவில்லை.

அன்று அந்தப் புள்ளி நின்றது. ஆனால் ஒரு புள்ளி போதாது என்று கண்டு, எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்குக் கடல்மேல் ஒரு கோடு வரைந்தோம். அதைக் கண்டதும் மற்றவர்களுக்கும் கோடு வேண்டியிருந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும். பட்டினத்திலிருந்து மடுவுக்கு. மடுவிலிருந்து எங்கெங்கோ. கடைசியில் எங்கள் படத்தில் புள்ளிகளைவிடக் கோடுகளே அதிகம். தாக்குதலை ஆராயப் போய், அது மக்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்ற படத்தை வரைந்திருந்தோம். ஓர் ஆட்சேபத்தில் தொடங்கியதால்தான் அது முழுமையானது.

இப்படிப் பழையதைக் கிளறி என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். கண்ணிவெடி அகற்றியவர்களைக் கேளுங்கள். 2009க்குப் பிறகு மீள்குடியேற வேண்டிய ஒவ்வொரு ஊருக்கும் முதலில் ஒரு வரைபடம்தான் போனது. ஜெனீவாவில் உருவான தகவல் முறைமை ஒன்றில் சந்தேகத்துக்கிடமான நிலங்களைப் பல்கோணங்களாகக் குறித்து, தேடி, துப்புரவாக்கி, ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். மாக் போன்ற நிறுவனங்களின் அணிகள் மன்னாரில் வேலை செய்தன. இலங்கையில் மண்ணில் முழந்தாளிட்டு மிதிவெடி எடுத்தவர்களில் பெண்கள் பலர் என்பதை இந்தச் சபையில் பெருமையோடு சொல்ல வேண்டும். அவர்களுடைய முதல் கருவி கேள்வி. மாடு எங்கே செத்தது, விறகுக்கு எந்தப் பக்கம் போகமாட்டீர்கள் என்று ஊரவரைக் கேட்பார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்தவர்களுக்குத் தெரிந்தது எந்தச் செய்மதிக்கும் தெரியாது. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பரில் இணைந்த இலங்கை, 2028 ஜூனுக்குள் வேலையை முடிப்பதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு வரைபடம் எத்தனை கால்களைக் காப்பாற்றும் என்பதை, கால் இழந்தவர்களுக்குக் கட்டுப்போட்டவர்கள் அறிவார்கள்.

எச்சரிக்கைகளும் உண்டு. இடம் தெரிந்தால் காலமும் தெரிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டட வளவில் புதைகுழி தோண்டப்பட்டு 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, அவை போர்க்காலத்தவைதான் என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பிய ஆறு மாதிரிகளின் கார்பன் பரிசோதனை, அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019இல் சொன்னது. காணாமற்போனோரின் உறவுகள் பலருக்கு அந்த விடை ஆறுதல் தரவில்லை, அவர்களுடைய தேடலும் முடியவில்லை. எங்களுக்கு அது கற்பித்தது, புள்ளிக்குப் பக்கத்தில் எது தெரிந்தது, எது ஊகம் என்று பிரித்து எழுத வேண்டும் என்பதை.

இன்னொன்று, ஒரு புள்ளி ஒரு வீட்டைக் காட்டிக்கொடுக்கலாம். சிறிய ஊரில் திகதியும் இடமும் இருந்தால் பெயர் தேவையில்லை. ஆகவே எங்கள் படம் வெளியே போகாது. மற்றவருக்குக் காட்டும் பிரதியில் புள்ளிகளை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறோம். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது போல இதையும் காக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறோம். ஒரு வைத்தியசாலையில் போர்க்கால அனுமதிப் பதிவேடுகளைத் தேடிப் போனோம். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்ததால் எரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். எஞ்சிய ஒன்றிரண்டிலும் நோயாளியின் விலாசம் இருந்ததே தவிர, காயப்பட்ட இடம் இல்லை. விலாசம் என்ற கட்டத்தில் பலருக்கு ஒரே சொல்: 'முகாம்'. ஏடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது அம்மாமாரின் நினைவு. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மலரை எந்த நாட்டில் வாசித்தாலும், இந்த மாதத்துக்குள் ஒரு மணித்தியாலம் எடுத்து உங்கள் வீட்டில் மூத்தவரோடு இருங்கள். எந்த நாள், எந்த இடத்திலிருந்து, எந்த வழியால், எங்கே போனோம் என்று கேட்டு எழுதுங்கள். திகதி தெரியாவிட்டால் எந்தத் திருநாளுக்கு முன், எந்த நோன்புக்குப் பின் என்று கேளுங்கள். யார் செய்தது என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். எழுதியதைப் பூட்டிய உறையில் வைத்திருங்கள். பொதுவில் போடவேண்டாம். ஒவ்வொரு வகுப்பும் தன் படத்தைத் தானே வரையலாம். பயன்படுத்திய மென்பொருள் கியூஜிஐஎஸ், இலவசமானது. வரைய வராதவர்களுக்கு எங்கள் வகுப்பு உதவும். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் தங்கைமார் எங்களைவிடக் கெட்டிக்காரிகள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். 1990ஆம் ஆண்டு இடாப்புகள் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். இல்லாவிட்டால், எங்கள் எல்லோருடைய நினைவிலிருந்தும் அந்த வகுப்புகளின் பெயர்ப் பட்டியலை மறுபடி எழுதுவோம், போனவர்கள், வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரையும் சேர்த்து. எங்கள் வகுப்பின் பட்டியலை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். 41 பெயர்கள். அதை இப்போது அதிபர் அவர்களிடம் கையளிக்கிறோம். அதைத் தன் கையால் எழுதியவள் எருக்கலம்பிட்டித் தோழி, இதோ முன்வரிசையில் இருக்கிறாள்.